ஓரகத்தியின் கண்

பெரியவளைவிடச் சின்னவள் எட்டு மாதம் மூத்தவள். அந்த வீட்டுச் சண்டைகளில் பாதிக்கு இதுதான் வேர். அண்ணனைக் கட்டியதால் இவள் பெரியவள். தம்பியைக் கட்டியதால் அவள் சின்னவள். முறை என்று வந்துவிட்டால் பிறந்த தேதிக்கு மரியாதை இல்லை. ஆகவே முன்னால் பிறந்தவள், பின்னால் பிறந்தவளை "அக்கா" என்று கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்டாள். ஆனால் அந்த "அக்கா" ஒருநாளும் ஒரே மாதிரி இருந்ததில்லை. உப்பு கூடிய நாளில் ஒன்று, விருந்தாளிகள் எதிரில் ஒன்று, குளியலறையில் யாரோ வாளியை நிரப்பாமல் வந்துவிட்டால் ஒன்று. பெரியவளுக்கு அத்தனையும் அத்துப்படி. அடுப்படியிலிருந்து வரும் ஒற்றை "அக்கா"வைக் கேட்டே, பால் பொங்கிவிட்டதா, அல்லது பொங்கவிட்டது யார் என்று விசாரணை தொடங்கப்போகிறதா என்று சொல்லிவிடுவாள்.

அண்ணனும் தம்பியும் குழாய் வேலைக்காரர்கள். யார் வீட்டில் எந்தக் குழாய் சொட்டினாலும் ஓடுவார்கள்; சொந்த வீட்டுக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கும். அவர்கள் இருவருக்குள்ளும் கருத்து வேற்றுமை வந்து யாரும் பார்த்ததில்லை. அவர்கள் பேசியே யாரும் அதிகம் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாயைத் திறக்காதவர்களின் ஒற்றுமையை ஒற்றுமைக் கணக்கில் வைக்கலாமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

பெரியவள் பத்தொன்பது வயதில் பீங்கான் தட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். வெள்ளைத் தட்டுகள் ஓடும் பட்டையில் வரிசையாக வரும். சூளையில் கறுப்புத் துகள் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்த தட்டை எடுத்து ஒதுக்க வேண்டும். அந்தத் துகளுக்கு அங்கே "கடுகு" என்று பெயர். தட்டு சுழன்று போகும் வேகத்தில் மற்றவர்கள் பார்ப்பதற்குள் இவள் கை போயிருக்கும். "கடுகு சிறுத்தாலும் காரம் போகாது" என்பாள். இருபத்துச் சொச்சம் வருடம் வெள்ளையில் கறுப்பைத் தேடிய கண், தொழிற்சாலை மூடிய பிறகும் சும்மா இருக்கவில்லை. சுவரில் கடுகு. தலையணை உறையில் கடுகு. உறவுப் பெண் ஒருத்தியைப் பெண் பார்க்க வந்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் முன்பல்லில் கடுகு. அந்தச் சம்பந்தம் நின்றதற்கு வேறு காரணம் சொன்னார்கள். வீட்டாருக்கு உண்மை தெரியும்.

சின்னவள் இருந்தது சலவைக் கடை முகப்பில். துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இந்தக் கறை போகலையே" என்று யாராவது விரலை வைத்தால், துணியை வெளிச்சத்தில் தூக்கி, தலையைச் சாய்த்து, "அது கறை இல்லைங்க, நிழல்" என்று சொல்லி அனுப்ப வேண்டியது அவள் பொறுப்பு. பல வருடம் சொன்னதில் அவளுக்கே அது உண்மையாகிவிட்டது. உலகத்தில் கறை என்பது அபூர்வம், பெரும்பாலானவை நிழல் என்ற முடிவுக்கு அவள் வந்திருந்தாள்.

ஆக, கொடியில் காயும் ஒரே சட்டையைப் பார்த்து ஒருத்தி "கடுகு" என்பாள், ஒருத்தி "நிழல்" என்பாள். தீர்ப்பு வருவதற்குள் சட்டைக்காரர் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்.

அருங்காட்சியகத்தின் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பெரியவள் பார்த்தது கடைக்குப் போன வழியில். மூன்றாம் மாடிப் பூச்சி அறைக்கு, கூர்மையான கண்ணும் பொறுமையும் உள்ளவர்கள் இருவர் தேவை என்று இருந்தது. கண் இருந்தது. பொறுமையை இருப்பதாக வைத்துக்கொண்டாள். வீட்டில் சொல்லவில்லை; சொன்னால் "உங்களுக்கு எதுக்குக்கா பூச்சி" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். பல்வலி, வைத்தியரைப் பார்க்கிறேன் என்று கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கிளம்பினாள். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி நிமிர்ந்தால், நடைக்கூடத்துப் பெஞ்சில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். குடைக் கம்பி ஒடிந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சற்று முன்னால் வீட்டிலிருந்து கிளம்பியவள். குடை மடியில் இருந்தது. கம்பி திடமாக இருந்தது.

"பல்லு எப்படி இருக்கு அக்கா?"

"குடை எப்படி இருக்கு?"

இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்தார்கள்.

"பல் டாக்டரு இந்த மாடியிலதானா?"

"ஆமா. குடைக்காரரு பக்கத்து ரூம்."

அப்போது அறைக்குள்ளிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். கழுத்தில் கயிற்றில் தொங்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி, கைவிரலில் பசை. அந்த அறையின் தலைவி அவர்தான். கட்டடம் முழுக்க அவரைப் பூச்சியம்மா என்றுதான் சொன்னார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்தீங்களா?"

"இல்லைங்க" என்றார்கள் ஒரே குரலில்.

"தெரிஞ்சவங்களா?"

"ஓரகத்திங்க" என்றாள் சின்னவள், நோயின் பெயரைச் சொல்வதுபோல.

"ஒரே வீடா?" பூச்சியம்மா யோசித்தார். "அப்போ ஒருத்தர் தூங்கினா ஒருத்தர் எழுப்பி விடுவீங்க. உள்ள வாங்க."

வேலை இதுதான். அறை நிறைய அகலமான மரத் தட்டுகள், அவற்றில் ஊசி குத்திய பழுப்பு வண்ணத்துப்பூச்சிகள். வெவ்வேறு காலத்தில் யார் யாரோ பிடித்துவந்தவை. ஒவ்வொன்றின் பின்னிறக்கையின் அடிப்பக்கத்திலும் வெளிறிய வளையத்துக்குள் சிறு கறுப்புப் புள்ளிகள். சிலவற்றில் ஒன்றுமே இராது, சிலவற்றில் ஐந்து வரை. அதை எண்ணி எழுத வேண்டும். ஒரே தட்டை ஒருத்தி காலையில் பார்ப்பாள், இன்னொருத்தி மாலையில். இடையில் பச்சைத் துணி போட்ட மறைப்பு.

"ஒரு தட்டுக்கு எதுக்குங்க ரெண்டு பேர்?" என்று கேட்டாள் பெரியவள்.

"முன்ன இருந்ததவிட இப்போ புள்ளி குறைஞ்சிருக்குன்னு நான் சொல்லுவேன். மாறினது பூச்சியா, பார்த்த கண்ணான்னு ஒருத்தன் கேப்பான். அவனுக்குப் பதில்தான் நீங்க ரெண்டு பேரும். பார்க்கிறப்போ மட்டும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசக்கூடாது. எத்தனைன்னு ஒரு வார்த்தை வெளிய வந்தாலும் தட்டு வீண்."

அந்த விதியை அந்த இருவரும் காத்த விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பூச்சியம்மா சொன்னது வேலை நேரத்துக்கு. ஆனால் முதலில் வாயைத் திறந்தவள் தானாக இருக்கக்கூடாது என்ற வைராக்கியத்தில் இருவரும் அதை வீதிக்கும், அடுப்படிக்கும், துணி மடிக்கும் நேரத்துக்கும் நீட்டிவிட்டார்கள். உப்பு, ஜன்னல், வாளி, மின்விசிறி, கொழுந்தனின் இருமல் எல்லாவற்றுக்கும் சண்டை உண்டு. இறக்கைப் பேச்சு மட்டும் கிடையாது. ஒருநாள் ஒரு வண்ணத்துப்பூச்சி வழிதவறி அடுப்படிக்குள் வந்து சர்க்கரை டப்பாவின் மேல் உட்கார்ந்தது. ஒருத்தி கூரையைப் பார்த்தாள், ஒருத்தி அடுப்பைப் பார்த்தாள். "பூச்சி வந்திருக்கு" என்றார் பெரியவளின் கணவர், அந்த வாரத்தின் முதல் வாக்கியமாக. "நாங்க ஒண்ணும் பார்க்கல" என்றார்கள் இருவரும்.

பெரியவளுக்கு அந்த வேலையில் தலைகால் புரியாத சந்தோஷம். தட்டுத் தொழிற்சாலையில் கடுகைக் கண்டால் ஒதுக்க வேண்டும். இங்கே கண்டால் எண்ண வேண்டும். ஒரு புள்ளியைக் கண்டுபிடித்ததற்காக எதுவும் உடைபடவில்லை. விளக்கடியில் இறக்கையின் பொடிச் செதில்கள் மினுங்குவதைப் பார்த்துவிட்டு மாடியிறங்கும்போது படி தானாக இறங்குவதுபோல இருக்கும். வீதியில் சின்னவளோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே நடப்பாள். முக்குத் திரும்புமுன் இரண்டு சண்டையாவது முடிந்திருக்கும். அப்படி ஒரு பசி, அப்படி ஒரு சுறுசுறுப்பு. ஐம்பதை நெருங்கும் வயதில் மனசு இப்படிக் குதிக்கலாமா என்று அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வருடக் கடைசியில் பரீட்சை. அதற்கென்று ஒரு தட்டைத் தனியாகப் பூட்டி வைத்திருந்தார்கள். இருவரும் தனித்தனியே அதைப் பார்த்து எழுத, கணக்கர் ஒப்பிட்டார். கணக்கர் என்பவர் பக்கத்து அறை மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா, தேவைப்படும்போது பூச்சியம்மாவிடம் கடன் வாங்கித்தான் எழுதுவார்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு ரெண்டு பேர் வாய்க்கு வந்த எண்ணச் சொன்னாக்கூட சில இடத்துல ஒத்துப்போகும்" என்று அவர் விளக்கினார். "அந்தக் குருட்டு அதிர்ஷ்டத்தக் கழிச்சிட்டு மீதி எவ்வளவுன்னு பார்க்கணும். முழுசா ஒத்துப்போனா நூறு. கண்ணக் கட்டிக்கிட்டவங்களுக்கு சைபர். எழுபது இருந்தா நம்பலாம். உங்களுக்கு ஐம்பத்திரண்டு."

"பாதிக் கண்ணு கட்டியிருந்த மாதிரி" என்றாள் சின்னவள்.

பூச்சியம்மா சிரிக்கவில்லை. "ஒத்துப்போகாத இடத்துல எல்லாம் பெரியவங்க ஒண்ணு கூடப் பார்க்கறாங்க. சின்னவங்க ஒண்ணு குறைச்சுப் பார்க்கறாங்க. அடுத்த வருஷமும் இப்படியே வந்தா, ரெண்டு நாற்காலி எதுக்குன்னு மேலிடத்துல கேப்பாங்க. ஒண்ண எடுத்துடுவாங்க."

"ஒருத்தரே பார்த்தா நல்லாவே ஒத்துப்போகுமே" என்று சின்னவள் மெல்லச் சொன்னாள். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் முக்கு வரை ஒரு சண்டைகூட இல்லை. பிறகு சின்னவள் சொன்னாள்.

"ஒரு நாற்காலின்னு ஆயிட்டா நீங்க இருங்க அக்கா. முறைப்படி நீங்கதான் பெரியவங்க."

"வயசுப்படி நீதானே மூத்தவ. நீ இரு."

"இப்போ மட்டும் வயசு ஞாபகம் வருதா?"

"உனக்கு இப்போ மட்டும் முறை ஞாபகம் வருதே."

விட்டுக்கொடுப்பதிலும் அவர்களுக்குச் சண்டைதான் வந்தது. வீட்டு வாசலில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பாத்திரம் கழுவும்போது பெரியவள் யோசித்துப் பார்த்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தான் மட்டும் போனால் வீதியில் யாரோடு பேசுவது? அவள் மட்டும் போனால் வீட்டில் யாரோடு மல்லுக்கு நிற்பது? இந்தக் கணவரோடா? வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தனியாக அந்த மாடி ஏறுவதை நினைக்க முடியவில்லை. இதை வாய்விட்டுச் சொல்வது என்பது நடக்கிற காரியமே இல்லை. இரண்டு நாற்காலியும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரே வழி, பரீட்சைத் தட்டை மட்டும் சின்னவள் பார்க்கிறமாதிரி பார்த்துவிடுவது. மற்ற தட்டுகளில் மனசறியப் பொய் எழுத அவளுக்கு வராது. இந்த ஒன்றுக்கு மட்டும்.

இரண்டாம் வருடப் பரீட்சைக்கும் அதே தட்டுதான். அன்று காலையில் அவள் முறை. விளக்கைப் போட்டு முதல் இறக்கையைப் பார்த்தாள். மூன்று புள்ளி. மூன்றாவது கடுகிலும் பாதி. காதுக்குள் சின்னவளை வரவழைத்தாள். தலையைச் சாய்த்து, வெளிச்சத்தில் துணியைத் தூக்கிப் பிடிக்கிறவளைப்போல, "அது நிழல் அக்கா" என்றது குரல். இரண்டு என்று எழுதினாள்.

முதல் வரிசை முழுக்கக் கஷ்டமாக இருந்தது. இரண்டாம் வரிசையில் பழகிவிட்டது. மூன்றாம் வரிசையில் விசித்திரமான ஒன்று நடந்தது: குரல் வராமலேயே அவளுக்குப் புள்ளிகள் குறைந்து தெரிந்தன. பொடிப் பொடியாக உறுத்திக்கொண்டிருந்ததெல்லாம் பின்வாங்கிவிட, இறக்கைகள் அகலமாக, அமைதியாக, மாலை நேரத்துத் தரைபோலக் கிடந்தன. எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. எதையும் துரத்த வேண்டியதில்லை. பெரியவள் கண்ணாடியைக் கீழே வைத்தாள். இவ்வளவு நிம்மதியாகவா சின்னவள் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்? இத்தனை வருடமும், பக்கத்திலேயே இருந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல்?

வெளியே வந்தபோது தலை காற்றடித்த பந்துபோல லேசாக இருந்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பெரிய பங்கைச் சின்னவள் பக்கம் தள்ளினாள்.

சின்னவள் உணவைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா அக்கா?"

"சாப்பிடு."

"என்ன பண்ணீங்க? வாளிய உடைச்சிட்டீங்களா?"

"உன்னோட கண்ணு நல்ல கண்ணுதான்டி" என்று சொல்லிவிட்டாள் பெரியவள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் பாராட்டு என்பது அத்தனை அபூர்வம். சின்னவள் கடைசி வரை டப்பாவில் ஏதோ கலந்திருக்கிறது என்ற சந்தேகத்தோடுதான் சாப்பிட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் முறைக்கு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் கணக்கர் இருவரையும் பூச்சியம்மாவின் மேசைக்குக் கூப்பிட்டார். மூன்று பேனாவும் பையில் இருந்தன. முகம் சரியில்லை.

"ஐம்பத்திரண்டு" என்றார்.

"அது போன வருஷத்துதுங்க" என்றாள் பெரியவள்.

"இந்த வருஷமும் அதேதான். பழைய தாளையே மறுபடி போட்டுட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்து எடுத்துப் பார்த்தேன். போடல. பெரியம்மா, உங்க போன வருஷத் தாளையும் இந்த வருஷத் தாளையும் பக்கத்துல வெச்சேன். உங்களுக்கு உங்களோடயே ஒத்துப்போகல. இவங்களுக்கும் அப்படியே. ஆனா உங்க இந்த வருஷத் தாளையும், இவங்க போன வருஷத் தாளையும் வெச்சா" என்று நிறுத்தினார், "தொண்ணூத்தாறு. இவங்க இந்த வருஷத்தையும் உங்க போன வருஷத்தையும் வெச்சா தொண்ணூத்தஞ்சு."

நான்கு தாள்களையும் மேசையில் பரப்பினார்.

"ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் எழுதினீங்களா? தாள மாத்தி வெச்சீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. ஏமாத்தினதுன்னு ஆயிட்டா ஒரு நாற்காலி இல்ல, ரெண்டும் போயிடும்."

பூச்சியம்மா ஒன்றும் சொல்லாமல் கண்ணாடிக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் பேசாமலிருப்பது பேசுவதைவிட மோசம் என்பது அந்த மாடிக்கே தெரியும்.

பெரியவளுக்கு முதலில் தன் பாதி மட்டும்தான் புரிந்தது. தொண்ணூற்றாறு. அப்படியே சின்னவளாகப் பார்த்திருக்கிறாள். பெருமையில் ஒரு கணம் எல்லாம் மறந்துபோனது. அப்புறம்தான் மற்றப் பாதி வந்து உறைத்தது. மெல்லத் திரும்பினாள். சின்னவள் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"ஏண்டி," என்றாள் பெரியவள், "நீயுமா?"

"நீங்க முதல்ல சொல்லுங்க."

"நீ சொல்லு. நீதானே மூத்தவ."

"முறைப்படி நீங்கதானே பெரியவங்க."

"யாராவது ஒருத்தர் சொல்லுங்கம்மா" என்றார் கணக்கர்.

"ஒத்துப்போகணும்னு சொன்னீங்கல்ல" என்று பெரியவள் மேசையிடம் சொன்னாள். "அதான் அவ பார்க்கிறமாதிரி பார்த்தேன். தாள்ல கையெழுத்து என்னுது. கண்ணு மட்டும் அவளுது."

"நான் அக்கா பார்க்கிறமாதிரி பார்த்தேன்" என்றாள் சின்னவள். "ஐயோ, அந்தக் கண்ண வெச்சுக்கிட்டு எப்படிங்க வாழறாங்க. எங்க பார்த்தாலும் கடுகு. வெளிய வந்தா சுவர்ல கடுகு, வீட்டுக்குப் போனா எங்க வீட்டுக்காரர் மூக்குல கடுகு. ரெண்டு நாள் எனக்குத் தூக்கமே வரல."

கணக்கர் நம்பவில்லை. பூச்சியம்மா எழுந்து, சின்னவளை நடைக்கூடத்தின் கோடிக்கு அனுப்பிவிட்டு, ஒரு தட்டிலிருந்து ஒற்றைப் பூச்சியை ஊசியோடு எடுத்து விளக்கடியில் வைத்தார். பெரியவளைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"இதுல எத்தனை?"

பெரியவள் குனிந்து பார்த்தாள். "என் கண்ணுக்கா, அவ கண்ணுக்கா?"

கணக்கரின் பேனா ஒன்று கீழே விழுந்தது.

"எனக்கு மூணு" என்றாள். "அவளுக்கு ரெண்டு."

அவளை வெளியே அனுப்பிவிட்டுச் சின்னவளைக் கூப்பிட்டார்கள். கதவு வழியாகக் குரல் கேட்டது. "எனக்கு ரெண்டுங்க. அக்காவுக்கு மூணு."

நடைக்கூடத்தில் நின்ற பெரியவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே சின்னவளும் ஆரம்பித்துவிட்டாள். ஒருத்தி நிறுத்தினால் ஒருத்தி தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே பழைய பெஞ்சில் இருவரும் விழுந்தார்கள். இவள் அவளுக்காக வீட்டை மாற்றிக்கொண்டு போக, அவள் இவளுக்காக வீட்டை மாற்றிக்கொண்டு வர, நடுவீதியில் ஒருவரையொருவர் பார்க்காமல் கடந்துபோய், மறுபடி அதே தூரத்தில் நின்ற கதைதான். பூச்சியம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியதாகக் கணக்கர் பின்னாளில் சொன்னார், பூச்சியம்மா மறுத்துவிட்டார்.

சிரிப்பு ஓய்ந்தபின் அவர் கேட்டார்: "ரெண்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கீங்க. எது புள்ளி, எது புள்ளி இல்லன்னு ஒரு தடவகூடப் பேசிக்கலையா?"

"நீங்கதானே பேசக்கூடாதுன்னீங்க."

"பார்க்கிறப்போ பேசாதீங்கன்னேன். மத்த நேரம் சண்டை போடாதீங்கன்னு நான் எப்பச் சொன்னேன்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உப்புக்கும் வாளிக்கும் ஊர் கேட்கச் சண்டை போட்டவர்கள், போட்டிருக்க வேண்டிய ஒரே சண்டையைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்திருக்கிறார்கள். மனிதர்கள் ஒத்துப்போகாமல் கெடுவதைவிட, ஒத்துப்போகிற அவசரத்தில் கெடுவதுதான் அதிகமோ என்று தோன்றுகிறது. ஒருவேளை இது ஓரகத்திகளுக்கு மட்டும் பொருந்துவதாகவும் இருக்கலாம்.

பூச்சியம்மா அந்தப் பரீட்சையை ரத்து செய்தார். இன்னொரு முறை எழுத மேலிடத்தில் அனுமதி வாங்கினார். ஆனால் அதற்கு முன்னால், இதுவரை யாரும் எண்ணாத பயிற்சித் தட்டு ஒன்றை நடுமேசையில் வைத்து, மறைப்பை எடுத்துவிட்டு, "சண்டை போடுங்க" என்றார்.

அலுவலக நேரத்தில், அரசாங்க மேசையில், அனுமதியோடு சண்டை. அப்படி ஒரு நாள் அதற்கு முன்னும் பின்னும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

"இது புள்ளி."

"இது நிழல்."

"நடுவுல கறுப்பு தெரியுதா இல்லையா?"

"தெரியுது. ஆனா அது கறுப்பா, கறுப்பு மாதிரியா?"

"கறுப்பு மாதிரி இருந்தா கறுப்புதான்டி."

"அப்போ உங்க தலைமுடியையும் கறுப்புன்னு எழுதலாமா?"

பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பூச்சியம்மா குறுக்கே வரவில்லை. இடையிடையே இருவரும் சம்மதித்த ஒரு பூச்சியை மட்டும் ஊசியோடு எடுத்து ஓரத்தில் குத்தினார். மாலைக்குள் ஒரு முடிவு கிடைத்தது. வளையம் மட்டும் இருந்து நடுவில் கறுப்பு இல்லையென்றால் அது புள்ளி இல்லை. இதில் பெரியவள் இறங்கி வந்தாள். ஊசிமுனை அளவாவது கறுப்பு இருந்தால் அது புள்ளி. இதில் சின்னவள் ஏறி வந்தாள். "இதுவரை புள்ளி, இதற்கு மேல் இல்லை" என்று காட்டச் சில இறக்கைகளை மாதிரியாக எடுத்து, ஒரு சிறு பெட்டியில் இருவர் கண்ணிலும் படும் இடத்தில் வைத்தார்கள். வீட்டுக்கு நடந்தபோது இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. அன்றைக்கு மட்டும் வீதியில் சண்டை இல்லை. சரக்கு தீர்ந்துவிட்டது.

மறு பரீட்சையில் ஆளுக்கு ஆள் அவரவர் கண்ணோடு உட்கார்ந்தார்கள். பெரியவளுக்கு ஓரிரு இடத்தில் காதுக்குள் "நிழல் அக்கா" என்று கேட்டது. "சும்மா இருடி" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்த மாதிரியைப் பார்த்து, தெரிந்ததை எழுதினாள்.

கணக்கர் வந்தார். பேனா கடன் வாங்கினார். "எண்பத்தி நாலு" என்றார்.

பூச்சியம்மா தாளை வாங்கிப் பார்த்தார். "ம். பரவாயில்ல" என்றார். அவரிடம் வேலை பார்த்தவர்கள் யாரும் அதற்கு மேல் ஒரு சொல் கேட்டதில்லை. இரண்டு நாற்காலியும் இருந்த இடத்திலேயே இருந்தன. பழைய தட்டுகள் எல்லாவற்றையும் அவர்கள் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. பெரியவள் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணி முடித்தபோது முன்காலத்துப் பூச்சிகளைவிட இக்காலத்துப் பூச்சிகளில் புள்ளிகள் கொஞ்சம் குறைந்துதான் இருந்தன. மாறியது கண் இல்லை, பூச்சிதான் என்று பூச்சியம்மாவால் இப்போது சொல்ல முடிந்தது.

ஒரே ஒரு பூச்சி மட்டும் தீராமல் நின்றது. அன்று விளக்கடியில் வைத்துக் கேட்ட அதே பூச்சி. மாதிரிப் பெட்டியோடு ஒட்டிப் பார்த்தும், ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்தும், அதன் மூன்றாவது புள்ளி ஒருத்திக்கு இருந்தது, ஒருத்திக்கு இல்லை. பூச்சியம்மா அதற்கு ஒரு தனி டப்பா கொடுத்து, அடியில் பொடி எழுத்தில் "2 / 3" என்று எழுதி ஒட்டி, மேசை மேல் வைத்துவிட்டார். காலையில் வந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன்னால் ஓரகத்திகள் இருவரும் அதை ஒருமுறை எட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

"மூணு" என்பாள் பெரியவள்.

"ரெண்டு" என்பாள் சின்னவள்.

பிறகு வேலை தொடங்கும்.

பல மாதம் கழித்து ஒரு காலையில் பெரியவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். இறக்கை அகலமாக, அமைதியாகக் கிடந்தது.

"என்னக்கா, எண்ணிக்கை மறந்துபோச்சா?"

"ரெண்டு மாதிரி இருக்கே" என்றாள் பெரியவள் தயங்கி.

சின்னவள் அவளை நகர்த்திவிட்டுக் குனிந்தாள். நிமிர நேரமானது.

"ரெண்டா? நல்லாப் பாருங்க. இதோ, ஓரத்துல, கடுகு மாதிரி."

"அது நிழல்டி."

"நிழலா? கண்ணு எங்க வெச்சிருக்கீங்க? மூணு."

"ரெண்டு."

பூச்சியம்மா பசை ஒட்டிய கையோடு வந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். அப்புறம் டப்பாவைத் தூக்கி அடியில் ஒட்டிய தாளைப் பார்த்தார். அதில் மாற்றி எழுத ஒன்றும் இல்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.